டெல்டாவில் பழைய பைக்: ஓ.டி.பி. யார் போனுக்குப் போகிறது?

கும்பகோணத்தில் ஆட்டோ கன்சல்டிங் கடைக்குப் போனால் முதலில் டீ வரும், பிறகு சாவி வரும், கடைசியில்தான் ஆர்.சி. வரும். வரிசை இப்படி இருப்பதில்தான் எல்லா வினையும். சிங்கப்பூரிலிருந்து மூன்று வாரம், நான்கு வாரம் லீவில் வருகிறவர்கள் கல்லணையில் தொடங்கி ஆற்றோடு பூம்புகார் வரை ஒரு சுற்று போகலாம் என்று வண்டி தேடுகிறார்கள். வண்டி அரை நாளில் அமைந்துவிடும். அது சட்டப்படி நம்முடையது ஆவதற்குள் லீவு தீர்ந்துவிடும்.

இந்த ஜூனில் விலைக்கு வந்த ஒரு வண்டியையே எடுத்துக்கொள்வோம். 2019 ஸ்ப்ளெண்டர், டி.என். 68 நம்பர், ஒரே கை ஓட்டியது. செயின் ஸ்ப்ராக்கெட் புதுசு, கோன் செட்டில் ஆட்டமில்லை, காலையில் சோக் இழுத்து ஒரே உதையில் எழுந்தது. எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைத் தட்டினால் கீழே ஒரு வரி நிற்கிறது: ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர். “அது சும்மா பேருதாண்ணே, டியூ எல்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சு. ஓட்டுறதுக்கு ஒண்ணும் பண்ணாது” என்கிறார் கடைக்காரர். ஓட்டுவதற்கு ஒன்றும் பண்ணாது, உண்மைதான். பெயர் மாற்ற விடாது.

தவணை முடிந்ததும் கம்பெனி ஒரு என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), கையெழுத்துப் போட்ட படிவம் 35 இரண்டு பிரதியும் அனுப்பும். அதை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் ஹெச்.பி., அதாவது ஆர்.சி.யில் நிற்கும் கடன் குறிப்பை, கேன்சல் செய்ய வேண்டும். நம் ஊரில் அந்தக் கவர் ரேஷன் கார்டோடு பீரோவுக்குள் போய்விடும். கடன் அடைந்தது, வண்டி ஓடுகிறது, பிறகென்ன? பெரும்பாலான கம்பெனிகளின் என்.ஓ.சி.க்கு ஆயுள் 90 நாள். மூன்று வருடம் கழித்து விற்கப் போகும்போது அது வெறும் தாள். புதிதாக வாங்க வேண்டும். கடன் கொடுத்த கிளை மூடியிருக்கும், அல்லது கம்பெனியே வேறொன்றோடு சேர்ந்து பெயர் மாறியிருக்கும். லோன் நம்பர் கேட்பார்கள். கடன் வாங்கியவர் நேரில் வர வேண்டும் என்பார்கள். வண்டி வாங்க வந்தவர் அவர்கள் கணக்கில் யாரோ மூன்றாம் மனிதர்.

அந்தக் கடன் வாங்கியவர் எங்கே? சிங்கப்பூரில், கப்பல் பட்டறை வேலையில். விற்கும் வண்டியின் ஓனரும் சிங்கப்பூர், வாங்க வந்தவரும் சிங்கப்பூர், இரண்டு பேருக்கும் நடுவில் கும்பகோணத்தில் ஒரு ஸ்ப்ளெண்டர். அரசின் வண்டிப் பதிவுத் தளமான வாகனில் ஹெச்.பி. நீக்கவோ பெயர் மாற்றவோ விண்ணப்பம் தொடங்கினால் ஓ.டி.பி. போவது ஆர்.சி.யில் பதிந்துள்ள மொபைல் எண்ணுக்கு. ரீசார்ஜ் செய்யாமல் 90 நாள் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தால் எண்ணை எடுத்துவிடுவார்கள், பிறகு அது வேறொருவருக்குப் போகும். ஆகவே இந்த வண்டியின் ஓ.டி.பி. யாரோ முகம் தெரியாதவரின் போனில் மணி அடிக்கிறது. அவரை அழைத்து “அண்ணே, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க” என்று கேட்டுப் பாருங்கள். மோசடிக்காரன் என்று வைதுவிட்டு வைத்துவிடுவார். அவர் செய்வதுதான் சரி.

எண்ணை மாற்ற வழி உண்டு. பதிவு எண்ணோடு சேசிஸ் எண், இன்ஜின் எண், பதிவுத் தேதியெல்லாம் கொடுத்து ஓனர் தன் எண்ணைப் புதுப்பிக்கலாம். ஆதார் வழி சரிபார்ப்பு வரும்போது அடுத்த முட்டுக்கட்டை நம் தலைப்பெழுத்து. ஆர்.சி.யில் எழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து கிடக்கும். மூன்றும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது? பெயர் பொருந்தாவிட்டால் ஆன்லைனிலேயே முடிவது நின்றுபோய், தாள்களோடு நேரில் போகும் கதையாகிவிடும்.

சிங்கப்பூரில் இதே வேலைக்கு ஒன்மோட்டரிங் என்ற அரசுத் தளத்தில் விற்பவர் சிங்பாஸ் என்ற டிஜிட்டல் அடையாளத்தில் நுழைந்து மாற்றத்தைத் தொடங்குகிறார், வாங்குபவர் தன் சிங்பாஸில் ஒப்புக்கொள்கிறார், தீர்ந்தது. சின்ன வண்டிக்கு அதன் விலையைத் தாண்டி சி.ஓ.இ. (வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்று) அழுகிற ஊர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே பெயர் மாற்றத்துக்கு மத்திய விதிப்படி கட்டணம் 150 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200, மேலே சேவைக் கட்டணம். காசு இங்கே மலிவு. ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் விலை.

பழைய ஆர்.சி. புக்கை நினைத்தால் பெருமூச்சு வருகிறது. அட்டை போட்ட குட்டிப் புத்தகம், உள்ளே ஊதா ரப்பர் ஸ்டாம்ப், அதன்மேல் கோணலாக ஒரு கையெழுத்து. யார் கைக்கு எப்போது போனது என்று பக்கம் புரட்டினாலே தெரியும். அப்போது புரோக்கர் இருந்தார், ஓ.டி.பி. இல்லை. இப்போது இரண்டும் இருக்கின்றன.

இந்த இடத்தில்தான் கடைக்காரர் சுலப வழியைச் சொல்வார்: ஓப்பன். அதாவது ஓனர் வெறுமனே கையெழுத்துப் போட்டுவைத்த படிவம் 29, 30. “மூணு வாரம் ஓட்டிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துடுங்கண்ணே, நான் எடுத்துக்கிறேன்.” டெல்டாவில் பாதி வண்டி இப்படித்தான் கை மாறுகிறதோ என்று தோன்றும். 29 விற்றவர் கொடுக்கும் அறிவிப்பு, ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள். 30 வாங்கியவர் போடும் விண்ணப்பம், 30 நாளுக்குள். அதைப் போடாதவரை, வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே என்று 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓப்பனில் விற்பவர்தான் முதலில் பயப்பட வேண்டும். வாங்குபவருக்கு வேறு வகைத் துன்பம்: வண்டி திருட்டுப் போனாலோ அடிபட்டாலோ சொந்தச் சேதத்துக்கு ஒரு பைசா கேட்க முடியாது.

ஆகவே டீ ஆறுவதற்குள் போனை எடுத்து நாலு விஷயம் பார்த்துவிடுங்கள். ஃபைனான்ஸ் வரி இருக்கிறதா, பதிந்த மொபைல் எண் உயிரோடு இருக்கிறதா, இ-சலான் நிலுவை உண்டா, பதிவுக் காலம் மீதி எவ்வளவு. பதிவு 15 வருடத்துக்கு, தாண்டியிருந்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்துப் புதுப்பிக்கும் வேலை தனி. முதல் இரண்டில் ஒன்று தவறினாலும் சாவியை மேசையில் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவதே மேல். வண்டிக்குப் பஞ்சமில்லை. மன்னார்குடிப் பக்கம் டி.என். 50, தஞ்சாவூர் 49, மயிலாடுதுறை 82, எல்லாமே ஒரே மாநிலம் என்பதால் வேறு மாநிலத்துக்கு மாற்றக் கேட்கும் படிவம் 28 தேவைப்படாது. காரைக்கால் பி.ஒய். 02 வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டால் அங்கிருந்து 28-இல் என்.ஓ.சி., இங்கே வரி, மறுபதிவு என்று நீளும். லீவில் வருகிறவருக்கு ஆகாது.

வாங்குபவர் தரப்பில் முகவரிச் சான்றுதான் சிக்கல். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் ஆதார் வைத்திருப்பார், சுலபம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட ஓ.சி.ஐ. கார்டுக்காரர் 182 நாள் தங்கினால்தான் ஆதார் கேட்க முடியும். அவர்களுக்கு உதவுவது மத்திய மோட்டார் வாகன விதி 4: அந்தப் பட்டியலில் நோட்டரி முன் உறுதிமொழி செய்த அஃபிடவிட்டும் உண்டு. பான் இல்லையென்றால் படிவம் 60. புது ஆர்.சி. இப்போது கவுண்டரில் கைக்கு வராது, விரைவு அஞ்சலில் வீட்டுக்கு வரும். சொந்தக்காரர் வீட்டு முகவரி என்றால் கதவு எண் முதல் பின்கோடு வரை சரியாக இருக்கட்டும், தபால்காரருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கட்டும். திரும்பிப் போனால் மறுபடி ஆபீஸ் படி ஏற வேண்டும்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு கணக்கு. 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு ஐந்து வருட தேர்ட் பார்ட்டி கட்டாயம். 2019 வண்டிக்கு அது 2024-லேயே முடிந்திருக்கும், பல ஓனர்களுக்கு முடிந்ததே தெரியாது. பெயர் மாறினால் தேர்ட் பார்ட்டி வண்டியோடு தானாக வரும். ஆனாலும் 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பாலிசியில் பெயர் மாற்ற வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது, ஆகவே அது வராது. 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள். புகைச் சான்று பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிக்கு ஒரு வருடம் செல்லும், பெட்ரோல் பங்கிலேயே எடுத்துவிடலாம்.

லைசென்ஸில் ஏமாறுகிறவர்கள் அதிகம். சிங்கப்பூர் கார் லைசென்ஸை வைத்து எடுத்த ஐ.டி.பி.யில் (சர்வதேச ஓட்டுநர் அனுமதி) ‘பி’ கட்டத்தில்தான் முத்திரை இருக்கும். பைக்குக்கு ‘ஏ’ வேண்டும். ஐ.டி.பி.யோடு மூல லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் 2பி வகுப்பு பைக் லைசென்ஸ் என்றால் 200 சி.சி. வரைதான். அதை வைத்துக்கொண்டு இங்கே புல்லட் 350-இல் ஏறி விபத்து நடந்தால், கிளெய்மை மறுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நாமே வாதம் எழுதிக் கொடுத்த மாதிரி. பழைய இந்திய லைசென்ஸ் பெட்டியில் கிடந்தால் தேதியைப் பாருங்கள்: முடிந்து ஒரு வருடத்துக்குள் என்றால் புதுப்பிக்கலாம், தாண்டினால் மறுபடி ‘எட்டு’ போட வேண்டும். நாற்பது வயது கடந்தவருக்கு டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ-யும் வேண்டும்.

மூன்று வாரம்தான் என்றால் மச்சான் வண்டியை எடுத்து ஓட்டுவது முழுக்கச் சட்டப்படியானது, இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் உயிரோடு இருந்து, நமக்கும் லைசென்ஸ் இருந்தால். வாடகை வண்டி என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகையில் வாடகைக்கு விடுவது சட்டப்படி ஆகாது.

வண்டியைப் பார்க்கும் விதத்திலும் டெல்டாவுக்கென்று சில உண்டு. கீழ்த்தஞ்சை வண்டி என்றால் வெள்ளத்தில் மூழ்கியதா என்று சீட்டைக் கழற்றிப் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டி மூலையிலும் ஹெட்லைட் கூட்டுக்குள்ளும் வண்டல் கோடு போட்டிருக்கும். 2018 நவம்பர் கஜா புயலைப் பார்த்த வேதாரண்யம், நாகப்பட்டினம் வண்டிகளில் உப்புக் காற்று ஸ்போக் நிப்பிளையும் சைலன்சரின் அடிப்பக்கத்தையும் தின்றிருக்கும். நெல் மூட்டை ஏற்றிய வண்டியைப் பின் ஷாக் காட்டிக்கொடுத்துவிடும்: அழுத்திவிட்டால் ஒரே முறையில் நிற்காமல் ஊஞ்சலாடும். பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து ஸ்விங் ஆர்ம் புஷ்ஷைச் சோதியுங்கள். சூடான வண்டியைக் காட்டினால் வேண்டாம், மறுநாள் காலை வாருங்கள். முதல் உதையில் நீலப் புகை வந்தால் ரிங் அல்லது வால்வ் சீல்.

ரோட்டைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் சில நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும், திருவையாறு பக்கம் கரை ரோட்டில் போக அதுதான் காலம். டிசம்பர் லீவில் வருகிறவர்களுக்கு மழையும் சேறும்தான். நடவுக் காலத்தில் டிராக்டரின் கேஜ் வீல் (சேற்று வயலில் ஓட்டும் இரும்புச் சக்கரம்) உதிர்த்துவிட்டுப் போகும் வண்டல் களிமண், ஒரு தூறல் விழுந்தால் சோப்பு. முன் பிரேக்கைத் தொடாதீர்கள். தை மாதம் அறுப்பு முடிந்தால் ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல் காயும், ஓரத்தில் கல் அடுக்கியிருப்பார்கள். இருட்டியபின் அந்தக் கல் கண்ணுக்குத் தெரியாது. கும்பகோணம்–மயிலாடுதுறை தடத்தில் தனியார் பஸ் எதிரே வந்தால் மண்ணில் இறங்கிவிடுங்கள், உரிமை பேச அது இடமில்லை. டோல்கேட்டில் டூவீலருக்குக் காசு இல்லை, இடது ஓரச் சந்தில் போகலாம். ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து. எதிரே வருகிறவரெல்லாம் விரலை மடக்கி விரித்து ‘லைட் எரியுது’ என்று காட்டுவார்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியில் அதை அணைக்க சுவிட்சே கிடையாது. தலையாட்டிவிட்டுப் போங்கள்.

லீவு முடிந்து கிளம்பும்போது பெயர் மாறியிருந்தால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் காக்கை மூடி இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் தேங்கினால் ஜெட் அடைத்துக்கொள்ளும். பிறகு அந்த ஊர் சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ரோமிங்கில் ரீசார்ஜ் செய்து வையுங்கள். ஆர்.சி.யில் இப்போது இருப்பது உங்கள் நம்பர்.