ரோலி சீபோர்டு ரைஸ் 2: கார்டுக்குள் ஒரு விரல் மட்டும் இறங்கினால்

சீபோர்டு என்பது விரலை வழுக்கி ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே வளைக்கக்கூடிய மெத்தென்ற கீபோர்டு. சுருதி 2 கட்டை என்று வையுங்கள். ஸட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் கார்டாக, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக்கூட்டாகப் பிடித்திருக்கிறீர்கள். பாடகர் வரியின் கடைசிச் சொல்லைப் பஞ்சமத்தில் நிறுத்தி இழுக்கிறார். அந்த இழுப்புக்குள் காந்தார விரலை மட்டும் மெல்ல, அரை ஸ்வரம் கீழே உள்ள சாதாரண காந்தாரத்துக்கு இறக்குங்கள். மெட்டு அப்படியே இருக்க, மேஜர் மைனராகி வரியில் சோகம் ஏறிவிடும். சாதாரண கீபோர்டில் சுருதியை வளைக்கும் பிட்ச் வீலைத் தொட்டால் மூன்று ஸ்வரமும் சேர்ந்து சரியும். இந்த ஒரு வேலைக்காகவே சீபோர்டை வாங்கலாம் என்பேன்.

டெம்போ நிமிடத்துக்கு 72 பீட் என்றால் அந்த இறக்கத்துக்கு இரண்டு பீட், அதாவது சுமார் 1.7 வினாடி கொடுங்கள். அரை பீட்டில் இறக்கினால் தப்பான கீயை அழுத்தித் திருத்தியதுபோல் கேட்கும். சொல்லின் கடைசி எழுத்து காதில் பதிந்த பிறகே விரல் நகரவேண்டும். காந்தாரத்தைக் கீகளுக்குக் கீழ் ஓரத்தில் ஓடும் சமமான பட்டையில், அதாவது ரிப்பனில் பிடித்தால் நகர்வு வழுக்கலாக இருக்கும். கீகளின் மேல் இழுத்தால் மேடுபள்ளம் விரலில் தட்டும்.

2022-இல் வந்த மாடல் இது. சிலிக்கான் பரப்பில் 49 கீ. கீகளில் பதிந்த மெல்லிய கோடுகள் பார்க்காமலே விரலுக்கு இடம் சொல்லும். ஒவ்வொரு ஸ்வரமும் தனி மிடி சேனலில் (மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) போவதால்தான் ஒரு விரல் மட்டும் இறங்க முடிகிறது. இதற்குப் பெயர் எம்பிஇ (மிடி பாலிஃபோனிக் எக்ஸ்பிரஷன்).

வாங்கியதும் பலரும் சறுக்கும் இடம் பெண்ட் ரேஞ்ச், அதாவது சுருதி எத்தனை அரை ஸ்வரம் வரை வளையலாம் என்ற அளவு. சீபோர்டிலும் சின்தசைசரிலும் 48 என்றே இருக்கவேண்டும். சின்தில் 2 என்று கிடந்தால், அரை ஸ்வரம் இழுத்தாலும் காதில் ஒன்றும் விழாது. கருவி பழுது என்று நினைத்துவிடுவார்கள். ரெக்கார்டிங் டிராக்கிலும் எம்பிஇ-யை ஆன் செய்யவேண்டும். கூடவே வரும் ரோலியின் சின்த் மென்பொருள் ஈக்குவேட்டர் 2-இல் இந்தத் தொல்லை இல்லை.

கமகம்? தோடியில் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசையும். அந்த நாலு அரை ஸ்வர வீச்சு ரிப்பனில் நன்றாகவே வருகிறது, வேகமான பிருகாவில் விரல் பின்தங்குகிறது. வீணைக்காரர்களுக்குத் திருப்தி வராது; பாட்டுக்கு இடையே வரும் இரண்டு வரி பிஜிஎம்முக்குத் தாராளம். பாடகர் கமகம் பாடும்போது நீங்களும் அசைக்காதீர்கள், இரண்டும் மோதும்.

விரலின் அழுத்தமும் விரலை எடுக்கும் விதமும் இதைவிட அதிகம் பயன்படும். பின்னணியில் நீண்டு ஒலிக்கும் பேட் ஒலியை மெதுவாகத் தொட்டு, மூன்றாவது பீட்டில் அழுத்தத்தைக் கூட்டினால், மென்பொருளில் வால்யூம் ஏற்ற இறக்கத்தைக் கோடாக (ஆட்டோமேஷன்) வரையாமலே பாட்டு மூச்சுவிடும். விரலைச் சட்டென்று எடுப்பதற்கும் மெல்ல எடுப்பதற்கும் ஒலி முடியும் விதம் மாறும், ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த சவுண்டில் அதற்கு வேலை ஒதுக்கியிருக்கவேண்டும். வாசித்ததை நூறு சதவீதம் குவாண்டைஸ் செய்துவிடாதீர்கள், அதாவது ஸ்வரங்களைத் தாளக் கட்டத்துக்கு (கிரிட்) நகர்த்திவிடாதீர்கள். வேண்டுமென்றே 20, 30 மில்லிசெகண்ட் தாமதித்துத் தொட்ட ஸ்வரமெல்லாம் கிரிட்டில் போய் உட்கார்ந்துவிடும்.

குறைகளும் உண்டு. விரல் பக்கவாட்டில் நகர்ந்தால் சுருதி எவ்வளவு வளையும் என்ற கிளைடு அளவைக் கூட்டி வைத்தால் விரல் கொஞ்சம் ஆடினாலே சுருதி விலகும். முதல் சில வாரம் குறைத்தே வைத்துப் பழகவேண்டும். கை வியர்த்தால் சிலிக்கான் விரலைப் பிடித்துக்கொள்ளும், தூசியும் ஒட்டும். சென்னை வெயிலில் ஏசி இல்லாத அறையில் இது பெரிய விஷயம். பியானோ பயிற்சிக்கு இது ஆகவே ஆகாது.

அறிமுக விலை 1,399 டாலர், சுங்கவரி தனி. மெட்டுப்போடும் மேசையில் ஏற்கெனவே பியானோபோல் கனமான கீ உள்ள நல்ல வெயிட்டட் கீபோர்டு இருந்தால் இதை இரண்டாவதாக வாங்கலாம். இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். காந்தாரம் இறக்கிப் பார்க்க ரோலியின் சிறிய 24 கீ சீபோர்டு பிளாக் (Block) மாடலே போதும்.