எம்.ஜி. காருக்கு ஐந்து கியர் பெட்டி வாங்கப்போய் 4 இலட்சத்து 85 ஆயிரம் ரூபாயை இழந்தேன்

அந்த விளம்பரம் இன்று காலை மீண்டும் வந்திருக்கிறது. அதே ஆறு படங்களும் அதே வாசகங்களும் இருக்கின்றன. விலை மட்டும் ஏறி 5 இலட்சத்து 25 ஆயிரம் ரூபாயாக நிற்கிறது. மூன்று வாரங்களுக்கு முன் என்னிடம் 4 இலட்சத்து 85 ஆயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு, நேற்று முன்தினம் என்னுடைய இலக்கத்தைத் தடைசெய்த அதே ஆள், அடுத்த ஆளுக்குத் தூண்டில் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அதனால்தான் கோபம் ஆறும் வரைக்கும் பொறுத்திராமல் இதை எழுதுகிறேன். முறைப்பாடு செய்யவிருப்பதால் பெயரையோ தளத்தையோ சொல்லவில்லை. பழைய சாமான் விற்கவும் வாங்கவும் எல்லோரும் போகும் ஓர் இணைய விளம்பரத் தளத்தில், பழைய பிரித்தானிய கார்களுக்கு நவீன பாகங்கள் தருவதாகச் சொல்லும் கொழும்புப் பக்கத்து விற்பனையாளர் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என்னிடம் இருப்பது 1965ஆம் ஆண்டின் எம்.ஜி. மிட்ஜெற் மார்க் 2. இணுவிலில் இருந்த என் மாமா ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலக்கத் தகட்டோடு வைத்திருந்து, ஓலைக் கொட்டிலுக்குள் விட்டுவிட்டுப் போன வண்டி அது. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் பிறந்த ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். ஆனால் அதன் 1098 சீசீ ஏ சீரிஸ் எஞ்சின், அதாவது ஒஸ்ரின் வடிவமைத்த எஞ்சின், பிற்கால மொறிஸ் மைனரில் இருந்ததன் கூடப்பிறந்தது. ஆகவே யாழ்ப்பாணத்தில் அதை வைத்திருக்க ஒருவர் பயப்பட வேண்டியதில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது கார்பரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினைப் பிடிக்கவைத்து, பிறகு மண்ணெண்ணெயிலேயே மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் ஓட்டிய ஊர் இது. அந்தப் பட்டறையில் தேறிய மெக்கானிக் ஒருவர்தான், எழுபது வயதைத் தாண்டியவர், கோண்டாவிலில் என் வண்டியையும் பார்த்துத் தருகிறார்.

வண்டியை எழுப்பியெடுக்க இரண்டு வருடங்கள் சென்றன. துருப்பிடித்திருந்த கீழ்ப்பக்கச் சட்டங்களை வெட்டியெடுத்துப் புதுத் தகடு ஒட்டினோம். ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இலேயே நின்றுவிட்டபடியால், ஈயமில்லாத பெற்றோலில் தேயாமலிருக்க வால்வுகளுக்குக் கடினமான இருக்கைகள் போட்டோம். வெயிலில் கொதிக்காமலிருக்க மின்விசிறி ஒன்றும் வைத்தோம். இவையெல்லாம் சரியாகவே அமைந்தன. குறையென்று மனதில் உறுத்தியது கியர் பெட்டிதான். நான்கு கியர்கள் மட்டுமே உண்டு. முதலாம் கியருக்குச் சிங்க்ரோ, அதாவது பற்சக்கரங்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு, கிடையாது என்பதால் வண்டி முழுதாக நின்ற பிறகுதான் அது சத்தமில்லாமல் விழும். ஏ9 வீதியில் மணிக்கு 90 கிலோமீற்றரில் போனால் எஞ்சின் 3,500 சுற்றுகளைத் தாண்டிக் கத்தும்; கொழும்பு வரைக்குமான 400 கிலோமீற்றரையும் அந்தச் சத்தத்தோடு ஓடிமுடிப்பது காதுக்குத் தண்டனை. இங்கிலாந்தில் இந்த வண்டிகளுக்கு ஃபோர்ட் சியெராவின் ஐந்து கியர் பெட்டியைப் பூட்டுகிறார்கள் என்றும், வேறு இடங்களில் டட்சன் பெட்டியைப் பூட்டுகிறார்கள் என்றும் படித்திருந்தேன். எனக்கும் ஆசை வந்தது. பெரியவரிடம் சொன்னபோது அவர், "ஓடுற சாமானைக் கழட்டாதையும் தம்பி, அஞ்சாவது கியர் வேணுமெண்டால் கொழும்புக்கு ரயிலிலை போம்" என்றார். நான் சிரித்துவிட்டு வந்தேன்.

விளம்பரத்தில் ஐந்து பொருட்கள் ஒரே தொகுதியாக இருந்தன: நிசான் சன்னியின் ஐந்து கியர் பெட்டி, அதை ஏ சீரிஸ் எஞ்சினோடு சேர்க்கும் இணைப்புத் தகடு, அதற்கேற்ற கிளச் தட்டு, பொயின்ற் (தீப்பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) இல்லாத எலெக்ட்ரோனிக் இக்னிஷன், மின்சாரம் தரும் பழைய டைனமோவுக்குப் பதிலான ஒல்ரனேற்றர். நான் அழைத்து வண்டியின் ஆண்டைச் சொன்னதும் அந்த மனிதர் விலையைப் பேசவில்லை. "ஐயா, 65 எண்டால் உங்கட வண்டி பொசிற்றிவ் ஏர்த்தாகத்தான் இருக்கும், முதலிலை அதைப் பாருங்கோ" என்றார். நான் விழுந்த இடம் இதுதான். பற்றரியின் நேர்முனையை வண்டியின் உடலோடு இணைப்பது அந்தக் காலத்து வழக்கம் என்பதும், அதைக் கவனியாமல் ஒல்ரனேற்றரைப் பூட்டினால் அதற்குள்ளிருக்கும் டயோட்டுகள் எரிந்துபோகும் என்பதும் இந்தப் பழைய கார் நோய் பிடித்தவர்களுக்கு மட்டுமே தெரிந்தவை. போதாக்குறைக்கு, 1950களில் நிசான் நிறுவனமே ஒஸ்ரினின் அனுமதியோடு அதன் கார்களை ஜப்பானில் செய்தது என்று, இரண்டும் சொந்தக்காரர்தான் என்பதுபோலப் பேசினார். அதுவும் உண்மைதான். அவர் எனக்குச் சொன்ன உண்மைகள் எல்லாவற்றையும் இப்போது எண்ணிப் பார்க்கிறேன். ஒன்றுகூட அவர் விற்ற பொருளைப் பற்றியதல்ல.

பிறகு காணொளி அழைப்பில் பெட்டியைக் காட்டினார். கியர்த் தடியின் குமிழில் ஒன்று முதல் ஐந்து வரை இலக்கங்கள் தெளிவாகத் தெரிந்தன. தடியை ஒவ்வோர் இடமாகத் தள்ளிக்கொண்டு வந்தவர், ஐந்தாவதற்குப் போகும் நேரத்தில் கமராவைத் திருப்பிப் பெட்டியின் வார்ப்பு இலக்கத்தைக் காட்டினார் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அன்றே 1 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயை முற்பணமாக வங்கியில் போட்டேன். கணக்கு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, கணக்கு வழக்கைத் தன் அக்கா பார்ப்பதாகச் சொன்னார். பார்சல் லொறியில் ஏற்றிய துண்டின் படம் வந்ததும் மிச்சம் 3 இலட்சத்து 35 ஆயிரத்தையும் போட்டேன். ஆக மொத்தம் 4 இலட்சத்து 85 ஆயிரம் ரூபாய். பற்றுச்சீட்டு பெட்டிக்குள் இருக்கும் என்றார். பெட்டிக்குள் பழைய பத்திரிகைத் தாள்கள்தான் இருந்தன.

சாமான் வந்த அன்று மாலையே பொறுமையில்லாமல் இக்னிஷனை நானே பூட்டினேன். அது பொசிற்றிவ் ஏர்த்துக்குச் சரிவருமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தேன். "இரண்டுக்கும் பொருந்தும்" என்று அவர் எழுதிய பதில் இன்றும் என் கைப்பேசியில் இருக்கிறது. திறப்பைத் திருப்பிய கணத்தில் டிஸ்ரிபியூற்றருக்குள்ளிருந்து மெல்லிய புகையும் எரிந்த பிளாஸ்ரிக் மணமும் வந்தன. அதன் உறையில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் உரித்துப் பார்த்தபோது, நெகற்றிவ் ஏர்த் (எதிர்முனையை உடலோடு இணைத்த) வாகனங்களுக்கு மட்டும் என்று அடியில் அச்சிட்டிருந்தது.

மறுநாள் பெரியவர் வந்து மிச்சத்தைப் பார்த்தார். ஒல்ரனேற்றரின் கப்பி இப்போதைய வண்டிகளின் பல வரிப் பட்டிக்கு உரியது. எங்கள் எஞ்சினில் ஓடுவதோ ஒற்றை வீ பட்டி. இணைப்புத் தகட்டில் எஞ்சினோடு ஒத்துவந்த துளைகள் மூன்றுதான். கிளச் தட்டு அந்தப் பெட்டியின் தண்டில் ஏறவே மறுத்தது. கடைசியாக அவர் கியர்த் தடியைப் பிடித்து ஐந்தாவது இடத்துக்குத் தள்ளினார், அது போகவில்லை. உள்தண்டைக் கையால் சுற்றி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் குமிழைக் கழற்றி என் கையில் தந்தார். அது நான்கு கியர் பெட்டி. ஐந்து இலக்கங்கள் உள்ள குமிழ் ஒன்றை அதன் தலையில் திருகிவிட்டு, அந்தக் குமிழுக்கு என்னிடம் 4 இலட்சத்து 85 ஆயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

அதன்பின் நடந்த பேச்சுகளை நினைத்தால்தான் பணம் போனதை விடவும் அதிகமாக எரிகிறது. முதல் நாள், ஆள் மாறி அனுப்பிவிட்டார்கள், படமெடுத்து அனுப்புங்கள் என்றார், அனுப்பினேன். இரண்டாம் நாள், படம் தெளிவில்லை, காணொளி வேண்டும் என்றார்; பெரியவரைத் தடியைத் தள்ளச் சொல்லி அதையும் எடுத்து அனுப்பினேன். மூன்று நாட்கள் பதிலில்லை. பிறகு முதலாளி கண்டிக்குப் போயிருக்கிறார் என்றார். அதுவரைக்கும் அவரே முதலாளி என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அடுத்த கிழமை, என் செலவில் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினால் பார்த்துவிட்டு முடிவு சொல்வோம் என்றார். முகவரி கேட்டேன், தரவில்லை. கடைசியில், இக்னிஷனை நான் எரித்துவிட்டபடியால் தொகுதி முழுவதற்கும் பொறுப்பில்லை என்று ஒரு நீளமான குரற்பதிவு வந்தது. புகைந்த இக்னிஷனுக்கும் இல்லாத ஐந்தாவது கியருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு நான் எழுதியதைப் பார்த்ததற்கு நீல அடையாளம் விழுந்தது, பதில் வரவில்லை.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் வரை நான் "ஐயா". சாமான் வந்தபின் "அண்ணை". காணொளி அனுப்பிய பிறகு வெறும் "நீங்கள்". நேற்று முன்தினம், என் மகனின் வயதுகூட இராத அந்தக் குரல் "உமக்கு ஏலுமெண்டால் பொலிஸுக்குப் போம்" என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தது. அதோடு இலக்கமும் தடை. என் மனைவியின் கைப்பேசியிலிருந்து எடுத்தபோது மீண்டும் மிக மரியாதையாக "சொல்லுங்கோ அம்மா, என்ன வண்டி?" என்று கேட்டதே, அதை என்னவென்று சொல்வது!

விளம்பரத்தின் படங்களை இணையத்தில் தேடிப் பார்த்தேன். ஆறில் நான்கு, இங்கிலாந்தில் பாகங்கள் விற்கும் ஒருவரின் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டவை. பணம் கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும். வங்கிச் சீட்டுகள், உரையாடல்கள், லொறித் துண்டு, உரித்த தாள் எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டு வைத்திருக்கிறேன். பொலிஸிலும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிலும் கொடுப்பதற்கு நாளை போகிறேன். அந்தச் சபையின் அவசர இலக்கம் 1977.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது மனம் ஒருநிலையில் இல்லை. கியர் பெட்டி வாங்கினால் எல்லாக் கியர்களும் ஒவ்வொன்றாக விழுவதை நேரில் நின்று எண்ணுங்கள். காணொளியை நம்ப வேண்டாம். கடையின் பெயர் ஒன்றும் வங்கிக் கணக்கின் பெயர் வேறொன்றும் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். உங்கள் வண்டி பொசிற்றிவ் ஏர்த்தா என்பதைப் பற்றரியில் பார்த்துவிட்டு, மின்சாமானின் உறையில் ஒட்டியுள்ள தாளை உரித்துப் படித்த பிறகு மட்டும் பூட்டுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

வண்டி ஓடுகிறது. பெரியவர் பழைய பொயின்றை அரத்தாளால் துடைத்து 0.4 மில்லிமீற்றர் இடைவெளி வைத்துப் பூட்டினார். திறப்பைத் திருப்பியதும் பிடித்தது. கூலி வாங்க மறுத்துவிட்டார், அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. அந்த நான்கு கியர் பெட்டி கொட்டிலுக்குள் கிடக்கிறது. 4 இலட்சத்து 85 ஆயிரமோ அதற்குக் கூடவோ குறையவோ இதே மாதிரியான தொகுதிக்குக் கொடுத்து ஏமாந்தவர்கள் வடக்கில் வேறு யாராவது இருந்தால், உங்கள் வங்கிச் சீட்டில் உள்ள கணக்குப் பெயரையும் என்னிடமுள்ளதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நாளை பத்து மணிக்கு முன் தனிச்செய்தியில் அறிவித்தால் ஒரே முறைப்பாட்டில் சேர்த்துக் கொடுக்கலாம்.