சம்பளச் சீட்டு மேசையும் பன்னிரண்டு பக்கக் கையேடும்: எங்கள் சங்கத்தின் ஆண்டுத் தொடக்கக் கூட்டம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பெண்களுக்கான மேல்சட்டையும் குழந்தைகள் உடுப்பும் தைக்கும் ஆலையொன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் வேலை செய்கிறேன். அத்தனை ஆண்டும் வாரச் சம்பளத்திலிருந்து தொழிற்சங்கச் சந்தா தவறாமல் பிடிக்கப்பட்டு வருகிறது. ஆகவே, ஜனவரி கடைசிச் சனிக்கிழமை டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கூடத்தில் சங்கம் நடத்திய ஆண்டுத் தொடக்கக் கூட்டத்தையும், "வரும் ஆண்டு எப்படி இருக்கும்" என்று அங்கே கொடுத்த பன்னிரண்டு பக்கக் கையேட்டையும், காசு கொடுத்துப் பெற்ற சேவையாகவே கருதி மதிப்பிடுகிறேன்.

கையேட்டின் முதல் நான்கு பக்கங்களை, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா தென்னாப்பிரிக்கப் பொருள்களுக்கு விதித்த 30 விழுக்காட்டு வரி பிடித்துக்கொண்டது. ஏற்றுமதி ஆலைத் தொழிலாளருக்கு அது பெரிய செய்தி என்பதில் ஐயமில்லை. ஆனால் எங்கள் ஆலை தைப்பது உள்நாட்டுக் கடைகளுக்கு. எங்கள் ஆர்டரைக் குறைப்பவை, வெளிநாட்டு இணையக் கடைகளிலிருந்து வீட்டு வாசலுக்கு வரும் சின்னச் சின்னப் பொட்டலங்கள். 500 ராண்டுக்கு உட்பட்ட பொட்டலங்களுக்கு நெடுநாள் 20 விழுக்காட்டு ஒரே வரி மட்டும் இருந்ததும், 2024 செப்டம்பர் 1 முதல்தான் 15 விழுக்காட்டு மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்ததும் கையேட்டில் ஒரே ஒரு வாக்கியத்தில் வருகின்றன. பெருநகருக்கு வெளியே, எங்கள் மாகாணத்தின் நியூகாசில் போன்ற ஊர்களில், கூலி விகிதம் குறைவு என்பதால் அங்கே நகரும் வேலையைப் பற்றி எதுவுமே இல்லை. டர்பன் தையல்காரிக்கு எழுதும் கையேட்டில் இது பெரிய குறை.

கூலிப் பேச்சு வழக்கம்போல ஆண்டின் நடுப்பகுதியில் நடக்கும். உடன்பாடு எட்டினால் புதிய கூலி செப்டம்பர் 1 முதல் வரும். இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஏழாம் பக்கம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி, ஆட்குறைப்பை முடிவு செய்த பிறகு அல்ல, எண்ணத் தொடங்கிய உடனேயே முதலாளி எழுத்தில் அறிவித்துக் கலந்து பேச வேண்டும் என்பதையும், 50க்கு மேல் ஆள் வைத்திருக்கும் ஆலை, 200 பேர் வரை உள்ள இடமாயின், 10 பேரை நிறுத்த எண்ணினாலே 189ஏ பிரிவின் 60 நாள் நடைமுறைக்கு உட்படும் என்பதையும் எளிய மொழியில் விளக்கியிருக்கிறார்கள். ஓராண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு நான்கு வார முன்னறிவிப்பு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இழப்பீடாகக் குறைந்தது ஒரு வாரச் சம்பளம். அந்தக் கணக்கில் எனக்குப் பத்தொன்பது வாரம். ஆண்டுக்கு ஒரு வாரம் என்பதை இரண்டு வாரமாக உயர்த்தும் சட்டத் திருத்த யோசனை, வரப்போகும் பணிக்காலத்துக்கு மட்டுமே பொருந்தும் என்ற எச்சரிக்கையும் அங்கே இருக்கிறது. அது தெரியாமல் பலர் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் கூட்டத்தில் எனக்கு உண்மையாகப் பயன்பட்டது, கூடத்தின் பின்பக்கம் போட்டிருந்த சம்பளச் சீட்டு மேசை. அங்கே அமர்ந்திருந்த மூத்த அம்மையார், முன்பு எங்களைப் போலவே மெஷினில் இருந்தவர். நான் பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஓய்வுக்கால வைப்பு நிதிப் பிடித்தம் இருந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, நிதி நிறுவனம் அனுப்பிய கணக்கோடு மாதம் மாதமாகப் பொருத்திப் பார்த்தார். "பிடிச்சது தெரியுது தங்கச்சி, போய்ச் சேர்ந்ததா பாத்தியா?" என்று கேட்டார். இரண்டு மாதத் தொகை போய்ச் சேரவில்லை. பிடித்த பணத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் நிதியில் செலுத்த வேண்டும் என்பது ஓய்வூதிய நிதிச் சட்டத்தின் 13ஏ பிரிவு. தவறினால் நிறுவனத்தை நடத்துபவர்கள் சொந்தப் பொறுப்பிலேயே பதில் சொல்ல வேண்டிவரும். 2024 செப்டம்பரில் சேமிப்பின் ஒரு பகுதியை முன்கூட்டி எடுக்கும் வசதி வந்தபோது, விண்ணப்பித்த பிறகுதான் தம் கணக்கில் பணமே சேரவில்லை என்று அறிந்தவர்கள் ஏராளம். இத்தனை முக்கியமான செய்தி கையேட்டில் ஒரு பத்தியாகக்கூட இல்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம். மேசையில் எழுதித் தந்த புகாரை ஆலையில் எங்கள் சங்கப் பிரதிநிதியான ஷாப் ஸ்டீவர்ட் திங்கட்கிழமையே கொடுத்தார். ஒரு மாதத் தொகை வந்துவிட்டது, மற்றதற்குக் காத்திருக்கிறேன்.

சங்க அலுவலகத்தின் சேவையை இந்த அளவுக்குப் பாராட்ட முடியவில்லை. சென்ற ஆண்டு இஸ்திரிப் பிரிவில் வேலை நீக்கப்பட்ட அக்கா ஒருவரை நானே இரண்டு முறை அங்கே அழைத்துச் சென்றேன். "அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். வேலை நீக்கத் தகராறை 30 நாளுக்குள் பதிய வேண்டும். எங்கள் மனு போனது 34ஆம் நாள். தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி விண்ணப்பம் எழுதி, அது ஏற்கப்பட்டு, வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அவர் வீட்டு வாடகை மூன்று மாதம் பாக்கியாகிவிட்டது. கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். நீக்கக் கடிதத்தோடு வருபவரின் மனுவை அன்றைக்கே பதிவோம் என்று மேடையிலிருந்து வாக்களித்தார்கள். அது கையேட்டில் அச்சாக வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன்.

பேச்சாளர் ஒருவர், 1973 ஜனவரி 9 அன்று கொரோனேஷன் செங்கல் ஆலையில் தொடங்கி டர்பன் முழுவதும் பரவிய வேலைநிறுத்தத்தை நினைவுகூர்ந்தார். அந்த நாள்களில் நெசவாலையிலிருந்து வெளியே நடந்து வந்தவர்களில் என் தாயாரும் ஒருவர். கறுப்பினத் தொழிலாளரின் சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரமே இல்லாத காலம் அது. கூட்டத்துக்கு வந்திருந்த இளம் பெண்கள் பலர் இதை முதன்முறையாகக் கேட்டார்கள். ஒருவர் என்னிடம் வந்து, தாயார் எந்த ஆலையில் இருந்தார் என்று விசாரித்தார்.

சந்தா கொடுப்பது தகுமா என்று கேட்கும் புதிய தொழிலாளருக்கு, தகும் என்றே சொல்வேன். அந்த மேசை ஒன்றுக்காகவே தகும். மார்ச் கடைசிச் சனிக்கிழமை அதே கூடத்தில் காலை ஒன்பது மணிக்கு மறுபடியும் மேசை போடுகிறார்கள். 2024 செப்டம்பர் முதல் உள்ள சம்பளச் சீட்டுகள், அடையாள அட்டை, வைப்பு நிதிக் கணக்கு அறிக்கை மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அறிக்கை கைக்கு வரச் சில நாள் ஆகலாம், ஆகவே இந்த வாரமே கேட்டு வையுங்கள்.