சென்னை வெயிலில் மின்சார கார்: சூடு ஏறும் இடம் எது?

2021-இல் வாங்கிய டாடா நெக்ஸான் மின்சார கார் இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. 2022 ஜூனில் மும்பையை அடுத்த வசாயில் இதே மாடல் கார் ஒன்று எரிந்த காணொளி பரவியபோது, "விற்றுவிடு" என்று வீட்டில் ஒரே பிடியாக நின்றார்கள். நான் விற்கவில்லை.

இதன் பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் சிறு மின்கலங்களில் (செல்) ஒன்று கட்டுமீறிச் சூடேறினால் அந்தச் சூடு பக்கத்துச் செல்லுக்குத் தாவும். பேட்டரித் தீ பெருகுவது அப்படித்தான். நிக்கல் கலந்த செல்களைவிட இரும்பு பாஸ்பேட் செல் கூடுதல் வெப்பம் தாங்கும். அதற்காகத் தீயே பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மே மாதத்தில் திருச்சி நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டிவிட்டு நேராக விரைவு சார்ஜரில் செருகினால், முன்பக்க மின்விசிறி இரையும், சார்ஜ் ஏறும் வேகம் குறையும். பலர் இதைப் பழுது என்று கோபப்படுகிறார்கள். பேட்டரி தன்னைக் காத்துக்கொள்ளும் விதம் அது.

என் கவலையெல்லாம் வீட்டுச் சுவரில் இருக்கும் 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட்தான். அயர்ன் பாக்ஸும் கீசரும் சிறிது நேரம் இழுத்துவிட்டு ஓய்ந்துவிடும். கார் இரவு முழுக்க இடைவிடாமல் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. பிளக் பாயிண்டின் உள்ளே ஒரு திருகு தளர்ந்திருந்தால் போதும், அந்த இடம் சூடேறிவிடும். முதல் கோடையில் ஒரு காலை பிளக்கைக் கழற்றியபோது அதன் ஒரு முனை கை வைக்க முடியாதபடி கொதித்தது. சாக்கெட்டின் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக உருகியிருந்தது. காரின் திரையில் எந்த எச்சரிக்கையும் இல்லை. மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, சுமை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி எம்.சி.பி., மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த் என்று மாற்றிய பிறகு பிளக் வெதுவெதுப்போடு நிற்கிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் காரைச் சார்ஜ் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

வெள்ளத்தில் மூழ்கிய காரைக் காயவைத்துச் சார்ஜ் போடவே கூடாது. பேட்டரிக்குள் தண்ணீர் புகாது என்பதற்குக் காட்டும் ஐ.பி. 67 தரம் என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரச் சோதனைதான். 2023 மிக்ஜாம் வெள்ளம் சென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் நின்றது. வேகத்தடையில் அடிப்பாகம் பலமாக இடித்தாலும், சர்வீஸ் சென்டரில் வண்டியைத் தூக்கிப் பேட்டரி உறையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது புதிதாக வாங்குவோருக்கு மின்சார வாகனப் பாதுகாப்புக்கான இந்தியத் தரமான ஏ.ஐ.எஸ். 038-இன் திருத்த விதி துணை இருக்கிறது: செல் கட்டுமீறிச் சூடேறினால், ஆபத்து பயணிகளை எட்டுவதற்கு 5 நிமிடம் முன்பே கார் எச்சரிக்க வேண்டும். அந்த எச்சரிக்கை வந்தால் பை, லேப்டாப் என்று தேடாமல் இறங்கித் தள்ளிப் போய் 101-ஐ அழையுங்கள். காரில் வைத்திருக்கும் சிறிய தீயணைப்பானால் இந்தத் தீ அடங்காது. ஏராளமான தண்ணீர் வேண்டும், அணைந்த பிறகும் மறுபடி பற்றக்கூடும்; அதனால் வருகிற தீயணைப்பு வீரர்களிடம் இது மின்சார கார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.