சர்க்கரையா, புரதமா: விந்தணு எதைப் பற்றுகிறது?

பாலூட்டிகளின் கருமுட்டை உறையில் விந்தணு எதைப் பற்றுகிறது என்பதற்கு இரு விளக்கங்கள் உண்டு. 1980-இல் சுண்டெலி முட்டையுறையின் இசட்.பி.3 என்னும் கிளைக்கோபுரதம் (சர்க்கரைச் சங்கிலிகள் இணைந்த புரதம்) விந்தணுவின் ஏற்பியாகச் சுட்டப்பட்டபின், அதில் கிளைத்திருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளே பிடிப்பிடம் என்ற கருத்து வலுப்பெற்றது. மனித முட்டையுறையில் சியாலைல் லூயிஸ் எக்ஸ் என்னும் நான்கு சர்க்கரைகளின் கோவை மிகுந்திருப்பதாக 2011-இல் வெளியான ஆய்வும் இதற்குத் துணைநின்றது.

ஆனால், முட்டையில் ஓ-கிளைக்கான் என்னும் வகைச் சர்க்கரைச் சங்கிலிகள் முழுமையாக உருவாகாதபடி மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளும் குட்டி ஈன்றன. அதே உறையிலுள்ள இசட்.பி.2 என்னும் மற்றொரு புரதத்தின் முனையே பிடிப்பிடம் என்போருக்கு இதைவிட நேரடியான சான்று உண்டு: கருவுற்றதும் முட்டை வெளிவிடும் ஓவஸ்டாசின் நொதி அம்முனையை வெட்டிவிட, அதன்பின் வேறு விந்தணு ஒட்டுவதில்லை. சுண்டெலியைப் பொறுத்தவரை புரத விளக்கமே வலுவானது எனக் கருதுகிறேன். மனித உறையிலோ சுண்டெலியைப்போல் மூன்றல்ல, நான்கு புரதங்கள் இருப்பதால், அம்முடிவை அப்படியே பொருத்துவது அவசரமாகும்.