ஸ்லெட் பயிற்சி: கிலோ கணக்கை நம்பாதீங்க

ஸ்லெட்டுங்கறது பிளேட்டை (எடைத் தட்டை) ஏத்தி, இடுப்புல கட்டி இழுத்துக்கிட்டோ கையால தள்ளிக்கிட்டோ ஓடற இரும்புச் சறுக்கு. அது மேல ஏத்தற பிளேட் எடையை நோட்டுல எழுதி வெச்சு, "போன வாரம் 60 கிலோ, இந்த வாரம் 70 கிலோ, பையன் தேறிட்டான்"னு சொல்ற கோச்சுகளைப் பார்த்தா எனக்குக் கோவம் வருதுங்க. அந்தக் கிலோவுக்குத் தனியா ஒரு அர்த்தமும் கிடையாது. பல சீசனா எங்க ரக்பி பசங்களோட ஸ்லெட்டை இழுத்தும் தள்ளியும் பழகினதுல சொல்றேன்.

பார்பெல் விஷயம் வேற. கம்பியைத் தோள்ல வெச்சு உட்கார்ந்து எழற ஸ்குவாட்ல 100 கிலோன்னா கோயமுத்தூர்லயும் 100தான், கரூர்லயும் 100தான். ஸ்லெட்டுல பையன் சமாளிக்கறது பெரும்பாலும் தரையோட உராய்வைத்தான். ஸ்லெட்டும் பிளேட்டும் சேர்ந்து 80 கிலோன்னு வெச்சுக்குங்க. உராய்வுக் கெழு, அதாவது தரை எவ்வளவு பிடிச்சு நிறுத்துதுங்கற அளவு, 0.3 இருக்கற தரையில அதை நகர்த்திக்கிட்டே போக 24 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு போதும். 0.5 இருக்கற தரையில 40 கிலோ இழுப்பு வேணும். அதே பையன், அதே பிளேட், ஆனா வேலை ஒன்றரை மடங்குக்கும் மேல ஏறிப்போச்சு.

நம்ம பக்கம் தரை ஊருக்கு ஊர் மாறுது. நாங்க வழக்கமா ஓடற மைதானம் செம்மண்ணு, அங்கங்கே புல்லு. ஸ்லெட் சரசரன்னு போகும். பல்லடம் பக்கம் போனா கரிசல். காஞ்சு கிடந்தா வெடிப்புல ரன்னர் (ஸ்லெட்டுக்கு அடியில சறுக்கற பட்டை) மாட்டி ஸ்லெட் மூக்கைக் குத்தும். ஐப்பசி மழை பேஞ்சுட்டா களிமண்ணு அடியில அப்பிக்கிட்டு நகரவே நகராது. ஒரே மைதானத்துலயும் காலையில பனி ஈரத்துல ஒரு மாதிரி, சாயங்காலம் காஞ்ச புழுதியில வேற மாதிரி. இதுல எந்தக் கிலோவை நோட்டுல எழுதறது?

அதனால எடையை விட்டுட்டு நேரத்தைப் பிடிச்சோம். முதல்ல ஸ்லெட் இல்லாம பையனை முழு வேகத்துல ஓட விடோணும். 30வது மீட்டர்ல இருந்து 40வது மீட்டர் வரைக்கும் 1.25 நொடி எடுக்கறான்னா, அவன் வேகம் நொடிக்கு 8 மீட்டர். அப்புறம் ஸ்லெட்டைக் கட்டி 20 மீட்டர் ஓட விட்டு, கடைசி 5 மீட்டரை மட்டும் பாருங்க. அதுக்கும் 1.25 நொடி ஆச்சுன்னா வேகம் சரிபாதி. அன்னைக்கு அந்தத் தரையில அவனுக்கு அதுதான் சரியான சுமை. மேல இருக்கற பிளேட் 40 கிலோவா 70 கிலோவாங்கறதைப் பத்திக் கவலையே வேண்டாம். வேகம் பாதியாகற இடத்துலதான் திறன், அதாவது விசையையும் வேகத்தையும் பெருக்கி வர்றது, உச்சத்துக்குப் போகுது. ஸ்டாப்வாட்ச் மட்டும் வேண்டாமுங்க. கை அமுக்கற தாமதமே கணக்கைக் கெடுத்துடும். ரெண்டு குச்சி நட்டு, ஃபோன்ல நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்து எண்ணுனா போதும். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கறப்போ மேற்குப் பார்த்து ஓடின நேரத்தையும் கிழக்குப் பார்த்து ஓடின நேரத்தையும் ஒண்ணா வெச்சுப் பார்க்காதீங்க.

முன்னெல்லாம் ஸ்லெட் கட்டினா வேகம் 10 சதவீதத்துக்கு மேல குறையக்கூடாது, ஓடற பாணி கெட்டுப்போகும்னு சொல்லுவாங்க. ஓட்டத்தை ஆராயற ழான்-பெனுவா மோரின் குழு கால்பந்து ஆட்டக்காரங்களுக்கு உடல் எடையில 80 சதவீதம் வரைக்கும் ஏத்திப் பார்த்து, முன்னோக்கித் தள்ளற விசை கூடினதா 2017ல எழுதினாங்க. ரக்பிக்கு இது அச்சா பொருந்துது. ரெண்டு டீமும் தோளோட தோள் முட்டித் தள்ளற ஸ்க்ரம்ல, முன் வரிசை ஆள் ப்ராப் தள்ளறதும் முன்னோக்கித்தான், பந்து கைக்கு வந்ததும் ஓரத்துல ஓடற விங்கர் எடுக்கற முதல் பத்து மீட்டரும் முன்னோக்கித்தான். எங்க ப்ராப் பசங்க எல்லாருக்கும் ஸ்க்ரம்ல கால் பின்னாடி சறுக்கறது கண்ணுக்குத் தெரியக் குறைஞ்சிருக்கு.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒண்ணு இருக்கு. ஸ்லெட் போட்ட மறுநாள் உடம்பு வலி இல்லவே இல்லைங்கற அளவுக்குத்தான் இருக்கும். ஸ்குவாட்ல கீழ இறங்கறப்போ தசை சுமையைத் தாங்கிக்கிட்டே நீளுது. ரெண்டு நாளைக்குப் படி இறங்க முடியாமப் பண்றது பெரும்பாலும் அதுதான். ஸ்லெட்டுல அந்த இறக்கமே கிடையாது, தள்ளறது மட்டும்தான். ஞாயித்துக்கிழமை மேட்சுன்னா வியாழக்கிழமை தைரியமா ஸ்லெட் போடலாம். வேலைக்குப் போயிட்டு வந்து ஆடற பசங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவின்னு, பனியன் கம்பெனியில நாள் முழுக்க நின்னுட்டு வர்ற பையனைக் கேட்டாத் தெரியும். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவுல ரெண்டு நிமிஷமாவது உட்கார விடுங்க. மூச்சு வாங்க விடாம ஓட்டினா அது வேகப் பயிற்சி இல்லை, வெறும் தண்டனை.

இனி பொருளைப் பத்தி. ஆன்லைன்ல வாங்கின ஸ்லெட்டோட நடுக் கம்பி ஒலிம்பிக் பிளேட்டுக்கான 50 மில்லிமீட்டர். நம்மூர் ஜிம்ல பாதிக்கு மேல சின்ன ஓட்டை பிளேட். உள்ளயே போகாது. லேத் பட்டறையில சின்னக் கம்பியாக் கடைஞ்சு மாத்த வேண்டியதாச்சு. ரன்னர் அதை விட மோசம். மெல்லிசான தகட்டை வளைச்சு ஒட்டியிருக்காங்க, நம்ம சரளை மண்ணுல தேஞ்சு போன வாரம் ஓட்டையே விழுந்துடுச்சு. வித்தவங்க ஃபோனை எடுக்கறதே இல்லை. வெல்டிங் பட்டறை அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்துட்டு, "இது மண்ணுல இழுக்கறதுக்குச் செஞ்ச சாமானே இல்லீங்"ன்னார். மண்ணுல இழுக்கறதுக்குன்னு சொல்லித்தான் காசு வாங்கினாங்க.

இன்னொண்ணு. ஸ்லெட்டை மட்டும் நம்பினா தொடைப் பின்தசை பழகாமயே இருக்கும். நிமிர்ந்து முழு வேகத்துல ஓடறப்போதான் அது பிடிச்சுக்கும், கிழியும். ஸ்லெட்டுல பையன் நிமிர்றதே இல்லை. அதுக்கு வாரா வாரம் சுமையில்லாத முழு வேக ஓட்டமும், கணுக்காலை ஒருத்தர் அமுக்கிப் பிடிச்சுக்க முட்டி போட்டு முன்னாடி மெதுவாச் சாயற நார்டிக்கும் வேணும். நார்டிக் செய்யற டீம்ல இந்தக் காயம் ஏறக்குறைய பாதியாக் குறையுதுன்னு ஆய்வுகள் சொல்லுது. செலவும் ஒரு ரூபா இல்லை.

பொள்ளாச்சியில கபடி சொல்லிக்கொடுக்கற தம்பி ஒருத்தர், "ஏனுங்ண்ணா, விலை இறங்கியிருக்குதுங்களே, வாங்கிப் போட்றலாங்களா?"ன்னு கேட்டிருக்கார். நியாயமாச் சொன்னா ரக்பியை விடக் கபடிக்குத்தான் ஸ்லெட் பொருத்தம். 13 மீட்டர் களத்துல ஒரு பக்கம் 6.5 மீட்டர்தான், முதல் நாலு எட்டு வேகம்தான் ஆட்டமே. இருந்தாலும் வாங்காதீங்க தம்பி. இந்த விலைக்கு இந்தத் தகடுன்னா பாதி விலைக்கும் வேண்டாம். இடுப்புல பெல்ட்டைக் கட்டி, பின்னாடி இன்னொரு பையனை இழுத்துப் பிடிக்கச் சொல்லி இந்த சீசனை ஓட்டுங்க. அப்புறமும் ஸ்லெட்தான் வேணும்னு தோணுச்சுன்னா உங்க ஊர் வெல்டிங் பட்டறையிலயே செஞ்சுக்குங்க. ரன்னர் 8 மில்லிமீட்டர் கனமான பட்டையில இருக்கோணும், தேஞ்சா கழட்டி மாத்தற மாதிரி போல்ட் போட்டிருக்கோணும், மூக்கு நல்லா மேல வளைஞ்சிருக்கோணும். கம்பி அளவுக்கு உங்க ஜிம் பிளேட் ஒண்ணைக் கையோட எடுத்துட்டுப் போங்க.