அக்சஸிபிள் பெய்ஜா, அக்ரீயபிள் கிரேயா? டர்பன் வெளிச்சத்துக்கு எது சரி

ரெண்டுமே ஷெர்வின் வில்லியம்ஸ்ங்கற அமெரிக்க பெயின்ட் கம்பெனியோட செவுத்து ஷேடு, பெய்ஜ் நம்பர் 7036, கிரே 7029. பெய்ஜ், கிரேன்னு நெட்ல எங்க தேடினாலும் இதுங்கதான் முன்னாடி வந்து நிக்குது. தென்னாப்பிரிக்கா டர்பன்ல, சாட்ஸ்வர்த் ஏரியாவுல இருக்கற எங்க வீட்டுக்கு இங்க உள்ளூர் கடையிலயே மெஷின்ல டின்ட் பண்ணி வாங்கி ரெண்டையும் அடிச்சுப் பாத்தாச்சு.

மொதல்ல ஒரு விஷயம். அமெரிக்கா யூடியூப்காரங்க வடக்குப் பாத்த ரூம் குளிர்ச்சியா இருக்கும், வார்ம் கலர் அடிங்கன்னு சொல்வாங்க, அது அவங்க ஊருக்கு. நாம பூமத்திய ரேகைக்குத் தெக்க இருக்கோம், டர்பன்ல டிசம்பர் உச்சி வெயில்கூட வடக்க சாஞ்சுதான் நிக்கும், அதனால இங்க நல்லா வெயில் விழறது வடக்கு ரூம், நீலம் ஓடின வெளிச்சத்துல கெடக்கறது தெக்கு ரூம். அவங்க சொல்றத அப்படியே திருப்பிப் போட்டுக்கோங்க ப்ளீஸ், ஏன்னா முழு விஷயமும் இதுலதான் இருக்கு.

எங்க தெக்கு பெட்ரூம்ல அக்ரீயபிள் கிரே சாம்பலாத்தான் தெரிஞ்சுது, மேகம் போட்டா லேசா கத்திரிப்பூ சாயல்கூட எட்டிப் பாக்குது. அதே செவுத்துல அக்சஸிபிள் பெய்ஜ், சந்தனத்த தண்ணியா கரைச்சு பூசின மாதிரி, தேக்கு பீரோவுக்குப் பக்கத்துல அவ்ளோ அழகு! வடக்கு ஹால்ல கதை தலைகீழ், மத்தியான வெயில்ல பெய்ஜ் மஞ்சளடிக்குது, கிரேதான் இதமா நிக்குது.

எல்ஆர்வி, அதாவது வெளிச்சத்த திருப்பித் தர்ற அளவு, 58ம் 60ம். எது ரூம பிரகாசமா காட்டும்னு யோசிக்கவே வேணாம், வித்தியாசம் பூரா உள்சாயல்லதான்.

சாமி ரூமுக்கு பெய்ஜ்தான், விளக்கு வெளிச்சத்துல அந்தக் கலருக்கு ஒரு தனி களை வருது. ஆனா மேட் ஃபினிஷ் வேணாங்க, புகைக்கறைய துடைச்ச எடம் மட்டும் பளபளன்னு திட்டா நிக்கும், சாட்டின் மாதிரி கழுவக்கூடியதா வாங்குங்க. பல்பையும் பாருங்க, 6500 கெல்வின் வெள்ளை ட்யூபுக்குக் கீழ கிரே ரொம்ப சில்லுன்னு ஆயிடும், 3000 கெல்வின் மஞ்ச வெளிச்ச பல்பு போட்டா ரெண்டும் நல்லாருக்கு.

பெரிய அட்டையில ரெண்டு கோட் அடிச்சு, ஓரத்துல வெள்ளை விட்டு, செவுத்துல சாய்ச்சு காலையிலயும் ராத்திரியும் பாத்துட்டு அப்புறமா டின் வாங்குங்க.

வீடு முழுக்க ஒரே கலர்னா நான் 7036தான் சொல்வேன். இங்க நெறைய பேருக்கு பக்கத்து வீட்டோட ஒரு செவுரு சேந்த ஒட்டு வீடு, அந்தப் பக்கம் ஜன்னலே கெடையாது, அந்த மங்கல் ரூம்ல கிரே நிக்காது.